கூடிப் பேசினால் நோய்க்கும் வழி பிறக்கும்!

காலையில் கண் விழித்ததும் முதல் வேலை என்ன? செல்போனைப் பார்ப்பதுதானே! எம்.ரெட்டியபட்டியில் இருக்கும் பெரியம்மா, அருப்புக்கோட்டை அத்தை, துபாயில் இருக்கும் தம்பி... எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில். ‘சர்க்கரைக்கு இந்த இலை’, ‘மூட்டுவலிக்கு அந்த எண்ணெய்’ என்று விடிவதற்குள் பத்துத் தகவல் வந்து விழுந்திருக்கும். பாதிக்கு மேல் யார் சொன்னது என்றே தெரியாது.

“இதனால் மருத்துவத்துக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?” என்று கேட்கிறீர்களா? உண்டுங்க! முறையாகக் கூடினால் நிஜமான ஆராய்ச்சியே நடக்கும். நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது.

காசநோயும் கல்லூரி மாணவர்களும்

உலகில் காசநோய் வருகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். ஆனால், ஏழைகளை அதிகம் தாக்கும் நோய் என்பதால் புது மருந்து தேடுவதில் பெரிய கம்பெனிகள் அவ்வளவாக அக்கறை காட்டவில்லை. 2008-ல் மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பு ஒரு புதுமையான திட்டம் தொடங்கியது. அப்போதைய தலைமை இயக்குநர் சமீர் பிரம்மச்சாரி காட்டிய வழி இதுதான்: ஆராய்ச்சியைப் பூட்டி வைக்காமல் இணையத்தில் திறந்து வைப்பது, விருப்பம் உள்ளவர்கள் கைகொடுக்கலாம்.

காசநோய்க் கிருமியின் மரபணு வரிசை 1998-லேயே வெளியாகிவிட்டது. சுமார் 4,000 மரபணுக்கள்! எது என்ன வேலை செய்கிறது என்ற விவரமோ எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளில் சிதறிக் கிடந்தது. நாலு பேர் உட்கார்ந்து படித்தால் வருஷக்கணக்கில் ஆகும். இணையம் வழியாக அழைப்பு போனது. நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொண்டு படித்துத் தொகுத்தார்கள். 2010 ஏப்ரலில் தொகுப்பு அறிவிக்கப்பட்டது.

“சரிபார்க்கும் முன்பே இத்தனை ஆரவாரமா?” என்று சில விஞ்ஞானிகள் கேட்டார்கள். அதுவும் நியாயம்தான். முறைப்படி ஆய்வுக் கட்டுரை வெளியானது 2012-ல். கையோடு மருந்து வந்துவிடவில்லை. ஆனால் மருந்து தேடுகிறவர்கள் கிருமியை எங்கே தாக்கிப் பார்க்கலாம் என்பதற்கு ஒரு வழிகாட்டி கிடைத்தது.

நோயாளிகளே தொடங்கிய ஆராய்ச்சி

மாணவர்கள் கூடியது ஒரு விதம். நோயாளிகளே கூடிய கதை அமெரிக்காவில் நடந்தது.

இதய ரத்தக்குழாயின் உள்சுவர் திடீரென்று கிழிந்து மாரடைப்பு வருவது உண்டு. கொழுப்போ, சர்க்கரையோ இல்லாத இளம் பெண்களுக்கும், பிரசவமான புதிதில் உள்ள தாய்மார்களுக்கும்கூட வரும். அரிதான நோய் என்பதால் ஒரு ஆஸ்பத்திரியில் சில பேர்தான் தென்படுவார்கள். அப்புறம் எப்படி ஆராய்வது?

இணையக் குழு ஒன்றில் இந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தார்கள். மேயோ கிளினிக்கின் இதய நிபுணர் ஷரோன் ஹேஸிடம், “எங்களை ஆராயுங்கள்” என்று அவர்களே கேட்டார்கள். முதல் சோதனை ஆய்வுக்கு 12 பேர் போதும் என்றார்கள். ஒரே வாரத்துக்குள் 18 பேர் முன்வந்துவிட்டார்கள்! 2011-ல் ஆய்வு வெளியானது. பிறகு இந்தப் பதிவேடு ஆயிரம் பேரைத் தாண்டி வளர்ந்தது. பலருக்கு இந்தக் கிழிசல் தானாகவே ஆறிவிடும், எல்லோருக்கும் ஸ்டென்ட் தேவைப்படாது என்பது இது போன்ற ஆய்வுகளால் தெளிவானது. (அதற்காக நெஞ்சுவலியை ‘கேஸ்’ என்று விட்டுவிடாதீர்கள். சின்ன வயசானாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்!)

நீங்களும் சேரலாமா?

தாராளமாக! எம்.ரெட்டியபட்டி மாதிரி வானம் பார்த்த பூமியில், பெரிய ஆஸ்பத்திரி என்றால் விருதுநகருக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டும். அரிய நோய் வந்தவர், ‘எனக்கு மட்டும்தான் இப்படியோ’ என்று தனியாகத் தவிப்பார். அவரையும் கணக்கில் சேர்க்க ஒரு செல்போன் உதவும். ஆனால், இதையெல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள்:

* ஆய்வை நடத்துவது யார்? எந்த மருத்துவமனை, எந்தக் கல்லூரி? நெறிமுறைக் குழு அனுமதி உண்டா? பெயர் சொல்லத் தயங்கினால் ஒதுங்கிவிடுங்கள்.

* மருந்தைச் சோதிக்கும் ஆய்வு என்றால், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். 2007-ல் தொடங்கிய இந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

* ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். புரிந்த பிறகுதான் கையெழுத்து. பாதியில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு.

* ஆராய்ச்சிக்கென்று செய்யும் பரிசோதனைக்கு உங்களிடம் பணம் கேட்டால் உஷார்!

* ரிப்போர்ட்டைச் சொந்தக்காரர்கள் குழுவில் போடாதீர்கள். மகளுக்கு வலிப்போ, காசநோயோ இருந்து குணமாகியிருக்கலாம். அந்த விவரம் பத்துப் பேர் கைமாறி, கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும். ஆய்வாளரிடம் நேரடியாகக் கொடுங்கள்.

* குழுவில் ஒருவர் சொன்னதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். அவர் சொல்வது அவருடைய அனுபவம். நூறு பேர் அனுபவத்தை முறையாகச் சேகரித்து, ஒப்பிட்டு, சரிபார்த்தால்தான் அது ஆராய்ச்சி!

வீட்டில் யாருக்காவது அபூர்வமான நோயா? அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது, “இதற்கு ஏதாவது ஆய்வோ, பதிவேடோ இருக்கிறதா டாக்டர்?” என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன். இன்று நீங்கள் தரும் விவரம், நாளைக்கு யாரோ ஒரு தாயைக் காப்பாற்றலாம்.