செய்நிரற் பொதிகளும் அவற்றைக் கட்டும் கருவிகளும்

தச்சனும் கொல்லனும் கொத்தனும் தத்தம் தொழிலைச் செய்து உதவினாலன்றி ஒரு வீடு எழுவதில்லை. இக்காலத்துக் கணினிச் செய்நிரலும் அத்தகையதே. அதனை எழுதுவோர் தமக்கு வேண்டும் யாவற்றையும் தாமே எழுதுவதில்லை. திகதி கணித்தல், கோப்புச் சுருக்குதல் முதலிய பணிகளுக்குப் பிறர் எழுதி வைத்தவற்றை எடுத்தாளுகின்றனர். அங்ஙனம் எடுத்தாளத்தக்க வகையில் அமைத்து வைக்கப்பட்ட நிரற்பகுதி பொதி எனப்படும். பொதிகளைக் கொணர்ந்து ஒழுங்குபடுத்தி முழுச் செய்நிரலாகக் கட்டித் தரும் கருவிகள் இயங்குமாற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

முதற்கண் கட்டுங் கருவியை நோக்குவாம். சீ போன்ற மொழிகளில் எழுதிய மூலக்கோப்பைத் தொகுப்பான் என்னுங் கருவி இயந்திர மொழிக்கு மாற்றுதல் வேண்டும். பெரிய செய்நிரலில் மூலக்கோப்புகள் பல நூறு இருக்கும். ஒன்றைத் திருத்தியபோதெல்லாம் அனைத்தையும் மீளத் தொகுப்பது காலவிரயம். திருத்தியதைத் தொகுக்க மறப்பதோ அதனினும் பெருங்கேடு. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்ரீவ் ஜோன்சன் என்பார், பிழை முன்னரே திருத்தப்பட்டிருந்தும் கோப்பு மீளத் தொகுக்கப்படாமையால், இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுதை இழந்தார். அவருடைய முறையீட்டைக் கேட்ட ஸ்ருவேட் பெல்ட்மன் 1976ஆம் ஆண்டில் 'மேக்' என்னுங் கருவியை ஆக்கினார்.

மேக்கின் விதி எளிது. எந்தக் கோப்பு எதனின்றும் பிறக்கின்றது என்பதை நாம் ஒரு பட்டியலில் எழுதிவைத்தல் வேண்டும். மூலக்கோப்புத் திருத்தப்பட்ட நேரம், அதிலிருந்து பிறந்த கோப்பின் நேரத்துக்குப் பிந்தியதாயின், மேக் அதனை மீள ஆக்கும், ஏனையவற்றைத் தொடாது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தும் இக்கருவி வழக்கொழியவில்லை.

ஆயினும், மேக் பிறர் பொதிகளைத் தேடிக் கொணர்வதில்லை. அப்பணியையும் கட்டும் பணியையும் ஒருங்கே செய்யுங் கருவிக்கு நல்லுதாரணம், றஸ்ற் மொழிக்குரிய 'கார்கோ' ஆகும். கார்கோ என்பது கப்பற் சரக்கு. றஸ்ற் மொழியார் தம் பொதியைச் சரக்கடைக்கும் மரப்பெட்டியின் பெயரால் 'கிரேற்' என வழங்குவர். 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்மொழியின் முதல் உறுதிப் பதிப்பு வெளிவந்தபோது கார்கோவும் உடன் வந்தது.

இங்கு ஒரு சிக்கல் எழும். பொதிகள் அடிக்கடி திருந்திப் புதுப்பதிப்புப் பெறுவன. ஆதலின் ஒவ்வொரு பதிப்புக்கும் மூன்று எண்கள் இடுவர். 1.4.2 என்பதில், முதலெண் மாறினால் பழைய செய்நிரல்கள் பொருந்தாமற் போகலாம். நடுவெண் மாறினால் புது வசதி சேர்ந்தது. கடையெண் மாறினால் பிழை மட்டும் திருந்தியது. விவரக் கோப்பில் 1.4.2 என்று எழுதினால், கார்கோ அதனையோ, அதற்குப் பிந்தியதும் 2.0.0க்கு முந்தியதுமான பதிப்பையோ ஏற்கும்.

அங்ஙனமாயின், இன்று கட்டுபவனுக்கும் நாளை கட்டுபவனுக்கும் வெவ்வேறு பதிப்புகள் வாய்க்குமன்றோ? ஒரு வகுப்பில் மாணவர் வெவ்வேறு பாடங்கொண்ட ஏடுகளை வைத்துக்கொண்டு ஒரு செய்யுளுக்குப் பொருள் காண முயல்வது போலாகும் அது. இதனைத் தடுக்கவே பூட்டுக் கோப்பு அமைந்தது. தேர்ந்த ஒவ்வொரு பதிப்பையும், களஞ்சியத்திலிருந்து பெற்றதன் உள்ளடக்கத்திலிருந்து கணித்த சரிபார்ப்பு எண்ணையும் கார்கோ அதில் எழுதிவைக்கும். பின்னர் வரும் பொதியில் ஓரெழுத்து மாறியிருப்பினும் எண் பொருந்தாது. கார்கோ அதனை ஏற்க மறுக்கும்.

எனினும், பொதியே இல்லாதொழிந்தால் பூட்டு யாது செய்யும்? 2016ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் யாவாஸ்கிரிப்ற் மொழியாருக்கு இது நேர்ந்தது. பொதிப் பெயரொன்று பற்றிய பிணக்கினால் மனங்கசந்த ஆசிரியர் ஒருவர், 'என்.பி.எம்.' களஞ்சியத்திலிருந்து தம் பொதிகள் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டவற்றை நீக்கிக்கொண்டார். அவற்றுள் ஒன்று 'லெப்ற்பாட்'. ஒரு சொல்லின் இடப்புறத்தை வேண்டிய நீளத்துக்கு வெற்றிடத்தால் நிரப்பும் பதினொரு வரி நிரல். அதனை நேரே எடுத்தாண்டோர் சிலர். அச்சிலரைச் சார்ந்தோர் ஆயிரக்கணக்கானோர். அதன் பெயரையுங் கேட்டறியாதோரின் செய்நிரல்களும் கட்டப்படாது நின்றன. சில மணி நேரத்துள் களஞ்சியத்தார் அப்பொதியை மீள வைத்தனர். பின்னர் நீக்குதற்குக் கட்டுப்பாடும் விதித்தனர். கார்கோவின் களஞ்சியத்திலோ, குறையுள்ள பதிப்பை ஆசிரியர் விலக்கிவைக்கலாம். விலக்கியபின்னும், முன்னரே பூட்டுக் கோப்பிற் குறித்துக்கொண்டோர்க்கு அது கிடைக்கும்.

கணினித் துறை புகும் மாணவர் இவற்றிலிருந்து கொள்ளத்தக்கன மூன்று. பூட்டுக் கோப்பைச் செய்நிரலுடன் சேர்த்துப் பேணுக. இன்றியமையாப் பொதிகளின் படியொன்றைத் தம்மிடமும் வைத்துக்கொள்க. பத்து வரியில் தாமே எழுதக்கூடியதைப் பிறரிடம் இரவாதிருக்க. சரிபார்ப்பு எண் பொதி மாறவில்லை என்பதை மட்டுமே சொல்லும். அது நன்றோ தீதோ என்று சொல்லாது. அதனை அறிய, எழுதியவர் யார், இன்றும் அதனைப் பேணுபவர் யார் என வினவுதல் வேண்டும். அவருட் பலர் ஊதியம் பெறாது உழைப்போர் என்பதும் அப்போது தெரியவரும்.