திருவிதாங்கூர்ப் படைத்துப்பாக்கிகளில் சக்கிமுக்கிக் கல்: தெரிவும் பயன்பாடும்

முன்னுரை

களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிப் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை அமைந்துள்ளது. 1741ஆம் ஆண்டுக் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்ற பின்னர், திருவிதாங்கூர்ப் பணியேற்ற டிலனாய் மார்த்தாண்டவர்மாவின் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்தார். கோட்டையில் பீரங்கி வார்ப்பகமும் இயங்கியது. பீரங்கிகளைப் போலவே காலாட்படையின் கைத்துப்பாக்கியும் அக்காலப் போர்முறையின் அடிப்படையாகும். அத்துப்பாக்கியை இயக்கிய சிறு கல்லின் தெரிவையும் பயன்பாட்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

செயற்படும் முறை

விசையை அழுத்தியதும், துப்பாக்கியின் ‘குதிரை’ என்னும் உறுப்பு தன் வாயில் கவ்வியுள்ள கல்லை எஃகுத் தகட்டின்மீது உராயச் செய்கிறது. தகட்டிலிருந்து சீவப்படும் நுண்ணிய எஃகுத் துகள்கள் காற்றில் எரிந்து பொறியாகின்றன. எரிவது கல் அன்று, எஃகே. பொறி கிண்ணத்திலுள்ள மருந்தைப் பற்றவைக்க, தீ சிறு துளை வழியே குழலுக்குள் செல்கிறது.

தெரிவு

கல் எஃகைச் சீவும் கடினமும், உடையும்போது கூரிய விளிம்பு தரும் இயல்பும் உடையதாதல் வேண்டும். விரிசலற்ற, நேரான விளிம்பும் தட்டையான அடிப்பகுதியும் கொண்ட கல்லே சிறந்தது. அதன் அகலம் தகட்டின் அகலத்தை மிஞ்சலாகாது; மிஞ்சினால் குழலின் பக்கத்தில் இடிக்கும். வெண்கல் கடினமானதாயினும் ஒழுங்காகப் பிளவுறாது.

பயன்பாடு

கல் வழுக்காதிருக்கத் தோல் துண்டாலோ ஈயத் தகட்டாலோ சுற்றிப் பொருத்துவர். விளிம்பு எஃகுத் தகட்டுக்கு இணையாக நிற்றல் வேண்டும். ஒரு மூலை மட்டும் பட்டால் பொறி குறையும். தொடர்ந்து சுடுகையில் விளிம்பு மழுங்கும். அப்போது சிறு செதில்களைத் தட்டி நீக்கிக் கூராக்கலாம். கல் மிகவும் குட்டையானால் மாற்றியே ஆக வேண்டும். எனவே, கல்லும் மருந்து, ஈயக் குண்டு போலத் தொடர்ந்து வழங்கப்பட வேண்டிய பொருளாயிற்று.

வழங்கலும் சார்பும்

சிறந்த தீக்கல் வெண்சுண்ணப் பாறைப் படுகைகளில் உருவாவது. இங்கிலாந்தின் பிராண்டன் பகுதிக் கல் கருநிறமுடையது. பிரான்சின் கல் தேன்நிறமுடையது. குமரி மாவட்டத்தின் சார்னோக்கைட், கோண்டலைட் பாறைகளில் இத்தகைய கல் கிடைப்பதில்லை. 1753ஆம் ஆண்டு மாவேலிக்கரை உடன்படிக்கையின்படி, ஆண்டுதோறும் 12,000 ரூபாய் மதிப்புள்ள படைக்கலங்களை வழங்க டச்சுக் கம்பெனி இசைந்தது. பீரங்கியை உள்ளூரில் வார்க்க முடிந்த அரசும் துப்பாக்கிப் படையைப் பேணக் கடல் வணிகத்தைச் சார்ந்திருந்தது என்பதை இவ்விரு செய்திகளும் சுட்டுகின்றன.

களஆய்வுக்குரிய குறிப்பு

தென்மாவட்டத் தேரிப் பகுதிகளில் செர்ட், வெண்கல் ஆகியவற்றாலான நுண்கற்கருவிகள் கிடைக்கின்றன. துப்பாக்கிக் கல்லை அவற்றோடு மயங்குதல் கூடாது. ஏறத்தாழச் சதுர வடிவம், தடித்த பின்பகுதி, ஒரு விளிம்பில் மட்டும் நொறுங்கிய தேய்வு, ஒட்டிய இரும்புக் கறை ஆகியன அதன் அடையாளங்கள். எனினும், வீட்டில் தீமூட்டப் பயன்பட்ட கல்லிலும் இத்தேய்வும் கறையும் காணப்படலாம். ஆகவே, வடிவமும் கிடைத்த மண்ணடுக்கும் சேர்த்தே நோக்கப்பட வேண்டும்.

முடிவுரை

நிறத்தை மட்டும் கொண்டு கல்லின் காலத்தையோ அதனைக் கொணர்ந்த வணிகரையோ உறுதிசெய்தல் இயலாது; இருநிறக் கற்களும் பல நாட்டு வணிகத்தில் புழங்கியவை. வடிவம், தேய்வு, கிடைத்த இடம் ஆகிய மூன்றும் பதிவுசெய்யப்படுமாயின், குப்பையென ஒதுக்கப்படும் சிறு கல்லும் திருவிதாங்கூர்ப் படை வரலாற்றுக்குச் சான்றாகும்.