பெட்டிக்கு அடியில் ஒரு மின் நிலையம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வில்லியம்ஸ் என்கிற சிற்றூரிலிருந்து கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தென்விளிம்புக்கு ஒரு சுற்றுலா ரயில் போகிறது. தூரம் சுமார் 105 கி.மீ. 1901இல் ஓடத் தொடங்கி, கார்கள் பெருகியதும் பயணிகள் குறைந்து 1968இல் நின்றுபோன ரயில் இது. 1989இல் மறுபடி ஓட ஆரம்பித்தது. இதன் ‘புல்மேன்’ வகுப்பில் சீட்டு வாங்கினால் 1923இல் கட்டிப் பின்னர் புதுப்பித்த பெட்டியில் உட்காரலாம். ஏசி கிடையாது, ஜன்னலைத் திறந்து வைத்துக் காற்று வாங்கிக்கொண்டே போகலாம்.

இப்படிப்பட்ட பழைய பெட்டிகளில் ஏறுகிறவர்கள் இருக்கையையும் மரவேலையையும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ உண்மையான அதிசயம் தரைக்குக் கீழே இருப்பதாகத்தான் படுகிறது.

நூறு வருடத்துக்கு முன்னால் பாலைவனத்தின் நடுவே இரவில் ஓடிய பெட்டிக்குள் விளக்கு எப்படி எரிந்தது? முன்னால் இழுத்தது நீராவி எஞ்சின். அதிலிருந்து பெட்டிக்கு மின்சாரம் வராது. வாயு விளக்கு ஏற்றலாம். ஆனால் விபத்தில் கவிழ்ந்தால் பெட்டியே பற்றி எரியும். அதனால் சக்கரத்திடமே மின்சாரம் வாங்கினார்கள். சக்கர அச்சில் ஒரு பெல்ட், பெல்ட்டின் மறுமுனையில் டைனமோ. சைக்கிள் டைனமோவின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இனாமாக வரவில்லை. டைனமோவைச் சுழற்றும் அளவுக்கு எஞ்சின் கூடுதலாக இழுக்க வேண்டும், கூடுதலாக நிலக்கரி எரிய வேண்டும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. ரயில் நின்றால் விளக்கு அணையும். அதற்கு பேட்டரி வைத்தார்கள். ரயில் வேகமெடுத்தால் மின்னழுத்தம் எகிறி பல்பு வெடிக்கும். இதற்கு 1890களில் இங்கிலாந்தின் ஸ்டோன் நிறுவனம் கண்ட வழி, இன்று நினைத்தாலும் சிரிப்பும் வியப்பும் சேர்ந்து வரும். டைனமோவைப் பெட்டிக்கு அடியில் சற்றுச் சாய்வாகத் தொங்கவிட்டார்கள். பெல்ட்டின் இழுப்பு ஓர் அளவைத் தாண்டினால் டைனமோ அச்சை நோக்கி ஊசலாடும், பெல்ட் தளரும், வழுக்கும். அதற்குமேல் ரயில் எவ்வளவு வேகம் போனாலும் டைனமோவின் வேகம் கூடாது. ரயில் எதிர்த்திசையில் போனால் மின்சாரத்தின் திசையும் மாறி பேட்டரி கெட்டுவிடுமே? டைனமோவின் பிரஷ்களைத் தாங்கும் சட்டம் சுழற்சியின் திசைக்கேற்பத் தானே நகர்ந்து இணைப்பை மாற்றிக்கொண்டது. டிரான்சிஸ்டர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே இவ்வளவும் நடந்துவிட்டது. ஸ்டோனின் முறை இந்திய ரயில்களிலும் நெடுங்காலம் விளக்கேற்றியது.

குளிருக்குச் சூடு எஞ்சினின் நீராவியிலிருந்து குழாய் வழியே வந்தது. வெயிலுக்கு? 1930களில் பல அமெரிக்கப் பெட்டிகளில் அடித்தளப் பெட்டகத்தில் பனிக்கட்டியை ஏற்றி, அது உருகும் குளிர்நீரைக் குழாய்ச்சுருளில் ஓடவிட்டு, அதன்மேல் காற்றை ஊதினார்கள். நம் வீட்டு ஏசியின் ‘டன்’ கணக்கும் பனிக்கட்டிக் கணக்குதான்: ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது உறிஞ்சும் வெப்பம், சுமார் 3.5 கிலோவாட்.

கிராண்ட் கேன்யன் தடத்தை அந்நாளில் நடத்திய சாண்டா ஃபே நிறுவனம் இதைவிட விசித்திரமான வழியைத் தன் பல பெட்டிகளில் கையாண்டது. கொதிக்கும் நீராவியைக் கொண்டே குளிரூட்டியது! நீராவியைக் குறுகிய துளை வழியே பீய்ச்சினால் அது பக்கத்துக் கலத்தில் இருக்கும் காற்றையும் ஆவியையும் இழுத்துக்கொண்டு போகும். கலத்தில் அழுத்தம் வளிமண்டலத்தில் எண்பதில் ஒரு பங்காக இறங்கினால், அங்கிருக்கும் தண்ணீர் 10 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொண்டு மீதித் தண்ணீர் ஜில்லிடும். குளிர்காலத்தில் பெட்டியைச் சூடாக்கிய அதே நீராவி, கோடையில் அதைக் குளிர்வித்தது.

இன்று அமெரிக்காவில் பழைய பெட்டியைப் புதுப்பித்து முக்கிய ரயில்களோடு இணைத்து ஓட்ட வேண்டுமென்றால் இவற்றில் பெரும்பாலானவை போய்விடும். எஞ்சினிலிருந்தே 480 வோல்ட் மின்சாரம் வருகிறது. எண்ணெயில் ஊறிய பஞ்சை நம்பிய பழைய பேரிங்குகளின் இடத்தில் உருளை பேரிங். பாதுகாப்புக்கு இது அவசியம், குறை சொல்ல முடியாது. ஆனால் கழற்றிய டைனமோவைப் பழைய இரும்பாக விற்றுவிட்டு, மெத்தைக்கு மட்டும் பழைய காலத்து வெல்வெட் தேடுவது அரைகுறைப் புதுப்பிப்பு என்றே சொல்வேன்.

பெல்ட்டை நேரில் பார்க்க அரிசோனா போக வேண்டியதில்லை. சென்னை பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டி ஆலையில் 1955 முதல் கட்டப்பட்ட பழைய வகைப் பெட்டிகளில் பலவற்றுக்கு இன்றும் அச்சிலிருந்து பெல்ட்டும் 110 வோல்ட் மின்னாக்கியும் உண்டு. திசைச் சிக்கலை இப்போது ரெக்டிஃபையர் பார்த்துக்கொள்கிறது. எதிர் பிளாட்பாரத்தில் அப்படியொரு பெட்டி நின்றால் சக்கரத்தருகே குனிந்து பாருங்கள். அந்த வகைப் பெட்டி கட்டுவதை ஐசிஎஃப் 2018இல் நிறுத்திவிட்டது.