உங்களுக்குத் தெரியுமா? கைபேசியும் சாட்சி சொல்லும்!
1896-லேயே எக்ஸ்ரே குழாய் செய்யத் தொடங்கிவிட்டார்கள். கதிர் அதிகம் பட்டது அன்று தோல் சிவந்த பிறகுதான் தெரியும். இன்று சட்டைப்பையில் உள்ள கைபேசியே காட்டிக்கொடுக்கும். அதன் சர்க்யூட் போர்டில் கடுகைவிடச் சிறிய ரெசிஸ்டர்கள் உண்டு. அவற்றின் அடித்தளம் அலுமினா பீங்கான். கதிர் பட்டால் அதற்குள் எலெக்ட்ரான்கள் சிக்கிக்கொள்ளும். ரெசிஸ்டர்களை இருட்டறையில் பெயர்த்தெடுத்து நீல ஒளி பாய்ச்சினால், எலெக்ட்ரான்கள் விடுபட்டு மெல்லிய ஒளியை உமிழும். ஒளி கூடினால், பட்ட கதிரும் கூடுதல்.

2010-ல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் ஒரு தொழிலாளியின் உயிரைக் குடித்தது. கதிர் அளக்கும் பேட்ஜ் அங்கே யாரிடம் இருக்கும்? கைபேசி இருக்கும்!

ஒரு குறை: ரெசிஸ்டரில் பதிந்த இந்தக் கதிர்ப் பதிவு நாளாக நாளாக மங்கும். விபத்து நடந்தால் சில நாட்களுக்குள் போனை ஆய்வகத்தில் கொடுத்துவிட வேண்டும். அந்த போன் திரும்பி வராது.