டைனோசருக்குக் கால் முளைத்த கதை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கச்சினா பிரிட்ஜ் என்றொரு இயற்கைக் கல்பாலம் இருக்கிறது. அதன் பாறையில் நீண்ட கழுத்து, பருத்த உடல், வால், கால்கள் என ஒரு டைனோசர் செதுக்கப்பட்டிருப்பதாக வெகுகாலம் பேசிக்கொண்டார்கள். மனிதனும் டைனோசரும் சேர்ந்து வாழ்ந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. 2011-இல் பில் சென்டர், சாலி கோல் என்ற இரு ஆய்வாளர்கள் அதை நிதானமாக ஆராய்ந்தார்கள். அங்கே இருந்தவை இரண்டு தனித்தனிச் செதுக்கல்கள். கால்கள் வெறும் காய்ந்த சேற்றுக் கறை.

கல்லால் கொத்திய இடம் எது, கறை எது, விரிசல் எது என்று பிரித்துக் காட்டாத படத்தை வைத்துக்கொண்டு பொருள் சொல்ல உட்கார்ந்தால் இப்படித்தான் டைனோசர் பிறக்கும்.

பாலைவனப் பாறைகளின் மேல் கரும்பழுப்பான ஒரு படலம் படிந்திருக்கும். களிமண் துகளோடு மாங்கனீசும் இரும்பும் சேர்ந்து, முடியின் தடிமனைவிட மெல்லியதாகப் படிவது. அதற்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். இந்தப் படலத்தைக் கல்லால் கொத்தி எடுத்தால் உள்ளிருக்கும் வெளிர் பாறை தெரியும். அதுதான் கோடு. ஆனால் கொத்திய இடத்திலும் படலம் மறுபடி படியத் தொடங்கிவிடுகிறது. எனவே ஒரே பாறையில் பளிச்சென்று இருப்பது பெரும்பாலும் புதியது, மங்கிக் கறுத்திருப்பது பழையது. வேறு வேறு பாறைகளை இப்படி ஒப்பிடக் கூடாது. படலம் படியும் வேகம் இடத்துக்கு இடம் மாறும்.

படமெடுக்கப் போகிறவருக்குக் காலையிலும் மாலையிலும் வரும் சாய்வெயில்தான் சிறந்தது என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். ஆழமான செதுக்கலுக்கு அது சரி. பள்ளத்தில் நிழல் விழுந்து உருவம் எழுந்து நிற்கும். மேலோட்டமாகக் கொத்தியவற்றுக்கு அதே வெயில் எதிரி. பாறையின் ஒவ்வொரு சொரசொரப்பும் நிழல் போட்டு, கோட்டை விழுங்கிவிடும். அங்கே நிற வேறுபாடுதான் கோடு என்பதால், கூட வந்தவரை வெயிலுக்குக் குறுக்கே குடை பிடிக்கச் சொல்வது நல்லது. படலத்தின் பளபளப்பை போலரைசிங் ஃபில்டர் அடக்கும். முன்பெல்லாம் சாக்பீஸால் கோட்டின் மேல் வரைந்து படமெடுத்தார்கள். கல்லுக்குக் கேடு என்பது ஒருபுறம். வரைந்தவர் எதைப் பார்த்தாரோ அதையே மற்றவர்களும் பார்க்க வேண்டியதாகிவிடுகிறது.

சாக்பீஸுக்கு நல்ல மாற்று, எச்.பி. ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் உருவாக்கி 2001-இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது. கேமராவை ட்ரைபாடில் அசையாமல் நிறுத்தி, செதுக்கலின் அருகே பளபளப்பான கறுப்பு உருண்டை ஒன்றை வைக்கிறார்கள். ஃபிளாஷை மட்டும் திசை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுக்கிறார்கள். தூரம் மாறாதிருக்க அளவுக்கு ஒரு கயிறு போதும். உருண்டையில் ஒளி மின்னும் புள்ளியை வைத்து, வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று மென்பொருள் கணக்கிட்டுவிடும். பிறகு கணினித் திரையில் வெளிச்சத்தை விரும்பிய பக்கம் நகர்த்தலாம். எந்தக் கோடு எந்தக் கோட்டை வெட்டிச் செல்கிறது என்று அப்போது தெரிகிறது.

இவ்வளவு செய்தாலும் பொருள் தானாக வந்துவிடாது. கலிபோர்னியாவின் கோசோ மலைத்தொடரில் எங்கு திரும்பினாலும் பாறைகளில் காட்டாடுகள். உடலைப் பக்கவாட்டில் காட்டிவிட்டுக் கொம்புகளை மட்டும் முன்னாலிருந்து பார்ப்பதுபோல் வளைத்திருப்பார்கள். ஈட்டியெறி கோல் பிடித்த மனிதர்களும் உண்டு, வில் பிடித்தவர்களும் உண்டு. அப்பகுதிக்கு வில் வந்தது சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பு என்பதால், காலத்தை ஊகிக்க அது ஒரு பிடி. இந்த ஆடுகளைக் கொத்தியது வேட்டை பலிக்கச் செய்த சடங்கு என்றார் பாறைக்கலை ஆய்வாளர் கேம்பல் கிராண்ட், 1968-இல். மழை வரவழைக்கும் பூசாரிகளின் தரிசனம் என்கிறார் இன்னொரு ஆய்வாளரான டேவிட் விட்லி. ஆடு கொல்லப்பட்டால் மழை என்ற நம்பிக்கை அவ்வட்டாரப் பழங்குடிகளிடம் பதிவாகியிருக்கிறது. எனக்கு விட்லியின் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. ஆனால் பல நூற்றாண்டுகளாகப் பலர் கொத்திய ஆடுகளுக்கெல்லாம் ஒரே காரணம்தான் இருக்க வேண்டுமா என்ன?

எடுத்த படத்தை வெளியிடுமுன், கைபேசி அதில் பதித்துவைக்கும் இடக்குறிப்பை அழித்துவிட வேண்டும். கலிபோர்னியாவிலேயே பிஷப் ஊருக்கு அருகில் 2012-இல் திருடர்கள் மின்ரம்பத்தால் செதுக்கல்களைப் பாறையோடு அறுத்துக்கொண்டு போனார்கள். துண்டுகள் பிறகு கிடைத்தன. அறுபட்ட பாறையில் அவற்றைத் திரும்பப் பொருத்த முடியாது.