பயனர்வெளி இயக்கி: அதிவேகப் பிணைய அட்டையை அமைக்கும் முறையும் அதைச் சொல்லும் தமிழும்

ஒரு துறைச்சொல் பொருத்தமானதா என்பதை அகராதியை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. அச்சொல்லைக் கொண்டு ஒரு வேலையைப் படிப்படியாக விளக்கிப் பார்க்கும்போதுதான் அது துணை நிற்கிறதா, வழி தவறச் செய்கிறதா என்பது புலப்படும். அத்தகைய ஒரு வேலையை இவ்வுரை எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினியில், அதிவேகப் பிணைய அட்டை ஒன்றுக்குப் பயனர்வெளி இயக்கியை அமைப்பதே அவ்வேலை. பணி எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும், அதற்குரிய சொற்கள் எவ்வாறு அமைகின்றன என்பதையும் ஒருசேரக் காண்போம்.

1. இயக்கி என்பது யாது?

கணினியுடன் இணைக்கப்படும் ஒவ்வொரு வன்பொருளுக்கும் அதனுடன் பேசத் தெரிந்த ஒரு நிரல் வேண்டும். அந்நிரலே இயக்கி. 'இயங்கு' என்பது தன்வினை. 'இயக்கு' என்பது பிறவினை. அடங்கு–அடக்கு, திருந்து–திருத்து என்னும் இணைகளைப் போன்றதே இதுவும். மெல்லினம் வல்லினமாகும்போது, தானே நிகழும் செயல் பிறிதொன்றால் நிகழ்த்தப்படும் செயலாகிறது. 'இயக்கு' என்பதோடு இகர விகுதி சேர்ந்து 'இயக்கி' எனும் பெயர் பிறக்கிறது. ஒலிபெருக்கி, குளிரூட்டி, பூச்சிக்கொல்லி ஆகியவையும் அவ்வாறு பிறந்தவையே. பேருந்தை ஓட்டும் மனிதருக்கு 'ஓட்டுநர்' என்றும் வன்பொருளை இயக்கும் நிரலுக்கு 'இயக்கி' என்றும் தமிழில் இருவேறு சொற்கள் உள்ளன. ஆங்கிலம் இவ்விரண்டையும் 'டிரைவர்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது. இவ்விடத்தில் தமிழே தெளிவானது.

வழக்கமாக இயக்கிகள் இயங்குதளத்தின் 'கெர்னல்' என்னும் உட்கருவினுள் இருந்து செயற்படுகின்றன. நாம் பயன்படுத்தும் ஏனைய நிரல்கள் உட்கருவுக்கு வெளியே, பயனர்வெளி எனப்படும் நினைவகப் பகுதியில் இயங்குகின்றன. இங்கே 'பயனர்' என்பது மனிதரைக் குறிப்பதன்று என்பதை மாணவர்க்குச் சொல்லியாக வேண்டும். உட்கருவின் தனியுரிமைகள் இல்லாத நிரல்கள் வாழும் இடமே பயனர்வெளி. தமிழில் 'வெளி' என்பது பரந்த இடத்தையும் குறிக்கும். உள் என்பதன் எதிர்ச்சொல்லாகவும் வரும். அவ்விரு பொருளும் இங்கே பொருந்தி வருவது நல்லதோர் உடன்நிகழ்வு.

2. நேரக் கணக்கு

உட்கருவில் இருக்கும் இயக்கியை வெளியே கொண்டுவர வேண்டிய தேவை என்ன? விடை ஒரு சிறு கணக்கில் உள்ளது.

விநாடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள ஈதர்நெட் இணைப்பை எடுத்துக்கொள்வோம். அதில் செல்லும் மிகச் சிறிய தரவுப் பொட்டலத்தின் அளவு 64 பைட். அதற்கு முன்வரும் குறிகளும் இரு பொட்டலங்களுக்கு இடையே விடப்படும் இடைவெளியும் சேர்ந்து மேலும் 20 பைட்டுக்குரிய நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. ஆக மொத்தம் 84 பைட், அதாவது 672 பிட். இத்தகைய பொட்டலங்கள் இடைவிடாமல் வந்தால் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14.88 மில்லியன் வரும். ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் 67.2 நானோவிநாடி. 3 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள செயலியில் இது ஏறத்தாழ 200 கடிகாரத் துடிப்புகளுக்குச் சமம். இணைப்பின் வேகம் 100 கிகாபிட் ஆனால் கிடைப்பது 20 துடிப்புகளே. முதன்மை நினைவகத்தை ஒருமுறை எட்டிப் பார்ப்பதற்கே இதைவிடப் பன்மடங்கு நேரமாகும்.

வழக்கமான பாதையில் ஒவ்வொரு பொட்டலத்திற்கும் உட்கரு பல வேலைகளைச் செய்கிறது: அதற்கென நினைவகம் ஒதுக்குகிறது, வலையமைப்பு விதிகளின்படி அதைச் சோதிக்கிறது, பின்னர் உள்ளடக்கத்தைப் பயனர்வெளியில் உள்ள நிரலுக்குப் படியெடுத்துத் தருகிறது. அந்நிரலும் பொட்டலத்தைப் பெற உட்கருவை அழைத்துத் திரும்ப வேண்டும். அன்றாடப் பயன்பாட்டிற்கு இச்செலவு பொருட்டன்று. தொலைத்தொடர்புக் கருவிகள், தீச்சுவர்கள், சுமைப் பகிர்விகள் போன்றவற்றிற்கு அது தாங்க முடியாத செலவு.

3. குறுக்கீடும் தொடர்நோக்கும்

வகுப்பறை ஒன்றை எண்ணிப் பாருங்கள். பயிற்சியை முடித்த மாணவர் கையை உயர்த்துகிறார். ஆசிரியர் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுச் சென்று ஏட்டை வாங்குகிறார். எப்போதாவது ஒரு கை உயர்ந்தால் இம்முறை சிறந்தது. நாற்பது மாணவரும் ஓயாமல் கை உயர்த்தினால் ஆசிரியரின் நேரமெல்லாம் நிறுத்துவதிலும் தொடங்குவதிலுமே கழியும். அப்போது ஆசிரியர் தாமே வரிசை வரிசையாகச் சென்று, முடிந்த ஏடுகளை மொத்தமாகச் சேர்ப்பதே மேல்.

கை உயர்த்துவது குறுக்கீடு. ஆசிரியர் சுற்றி வருவதற்கு ஆங்கிலத்தில் 'போலிங்' என்று பெயர். பொது அகராதியை மட்டும் நம்பி இதனை 'வாக்கெடுப்பு' எனப் பெயர்த்தால் படிப்பவர்க்கு ஒன்றும் விளங்காது. இங்கே வாக்கும் இல்லை, தேர்தலும் இல்லை. 'வினவல்' என்பதோ தரவுத்தளத் துறையில் வேறொரு பொருளில் வேரூன்றிவிட்டது. செயலைப் பார்த்துப் பெயரிட்டால் 'தொடர்நோக்கு' என்பது போதும். நிரல் அட்டையை ஓயாமல் நோக்கிக்கொண்டே இருக்கிறது. வந்துள்ள பொட்டலங்களை, பெரும்பாலும் 32 வரை, ஒரே தொகுதியாக அள்ளிக்கொள்கிறது.

லினக்ஸின் உட்கருவும் இதை அறியாததன்று. போக்குவரத்து மிகும்போது குறுக்கீடுகளை அடக்கிவிட்டுத் தொடர்நோக்கிற்கு மாறும் ஏற்பாடு அதனுள் உண்டு. ஆயினும் நினைவக ஒதுக்கீடும் படியெடுத்தலும் அங்கே தொடர்கின்றன. பயனர்வெளி இயக்கி இவற்றையும் தவிர்க்கிறது. அட்டை பொட்டலத்தை நேரே நிரலின் நினைவகத்தில் எழுதுகிறது. நிரல் அதை அங்கேயே படிக்கிறது.

இம்முறைக்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருள் தொகுதி டிபிடிகே. இண்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய வெங்கி வெங்கடேசன் என்னும் பொறியாளரின் முயற்சியால் 2010ஆம் ஆண்டில் இது உருவாயிற்று. 2017 முதல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ்த் திறமூலத் திட்டமாக வளர்ந்து வருகிறது.

4. அமைக்கும் முறை

முதற்படி, காவலை ஏற்படுத்துதல். அட்டை நினைவகத்தில் நேரடியாக எழுதப் போகிறது. தவறான முகவரியில் எழுதினால் கணினி முழுவதும் பாழாகும். இதைத் தடுப்பது ஐஓஎம்எம்யூ என்னும் வன்பொருள் அரண். ஒரு கருவி எந்தெந்த நினைவகப் பகுதியைத் தொடலாம் என்பதை அது வரையறுக்கிறது. பயாஸ் அமைப்பிலும், தேவைப்படின் லினக்ஸின் தொடக்க அளபுருக்களிலும் இதனைச் செயற்படுத்த வேண்டும்.

இரண்டாம் படி, பெரும்பக்கங்களை ஒதுக்குதல். கணினி தன் நினைவகத்தைப் 'பக்கங்களாக'ப் பிரித்துக் கணக்கு வைக்கிறது. வழக்கமான பக்கத்தின் அளவு 4 கிலோபைட். 2 கிகாபைட் நினைவகத்தை அவ்வாறு பிரித்தால் 5,24,288 பக்கங்கள் வரும். 2 மெகாபைட் பெரும்பக்கங்களாகப் பிரித்தால் 1,024 போதும். எந்தப் பக்கம் எங்குள்ளது எனக் காட்டும் செயலியின் அட்டவணை மிகச் சிறியது. ஆகவே பக்கங்கள் குறையக் குறையத் தேடல் விரைவாகும். கணினி தொடங்கிய உடனேயே இவற்றை ஒதுக்கிவிடுவது நன்று. காலம் செல்லச் செல்ல நினைவகம் துண்டுபட்டு, தொடர்ச்சியான பெரிய இடம் கிடைப்பது அரிதாகிவிடும்.

மூன்றாம் படி, விஎஃப்ஐஓ-பிசிஐ என்னும் உட்கருக் கூற்றை ஏற்றுதல். இது அட்டையை ஐஓஎம்எம்யூவின் காவலோடு பயனர்வெளி நிரலிடம் ஒப்படைக்கும் இடைத்தரகர்.

நான்காம் படி, அட்டையைப் பழைய இயக்கியிலிருந்து கழற்றிப் புதியதில் பொருத்துதல். இதற்கென டிபிடிகே-டெவ்பைண்ட் என்னும் துணைநிரல் உண்டு. முதலில் அதன் நிலைக் கட்டளையால் அட்டைகளின் பட்டியலைப் பெற்று, உரிய அட்டையின் பிசிஐ முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னரே பொருத்தும் கட்டளையை இட வேண்டும். 'பிணைத்தல், விடுவித்தல்' என்று இதனைச் சொல்வாரும் உளர். பிணையம், பிணைய அட்டை என ஏற்கெனவே சொற்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் 'பிணையிலிருந்து விடுவித்தல்' என்பது நீதிமன்றச் செய்தியை நினைவூட்டும். கழற்றுதல், பொருத்துதல் என்பவை கைவேலையின் சொற்கள், பிழைபட இடமில்லை.

இப்படியில்தான் பெருந்தீங்கு நேர வாய்ப்புண்டு. அட்டை கழற்றப்பட்டதும் உட்கருவின் பிணையப் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். அதன் ஐபி முகவரியும் போய்விடும். தொலைவிலிருக்கும் கணினிக்குள் எந்த அட்டை வழியாக நுழைந்திருக்கிறோமோ அதையே கழற்றினால், அமர்ந்திருக்கும் கிளையை வெட்டியதாகிவிடும். பயன்பாட்டிலுள்ள அட்டையைக் கழற்ற அத்துணைநிரல் மறுக்கும். வற்புறுத்தும் விருப்பத்தைச் சேர்த்தால் செய்துவிடும். எனவே நிர்வாகத்திற்கு ஓர் அட்டையும் தரவுக்கு வேறோர் அட்டையும் வைத்துக்கொள்வதே முறை. மெல்லனாக்ஸ் வகை அட்டைகள் இதற்கு விதிவிலக்கு. அவை உட்கரு இயக்கியோடு இருந்தபடியே டிபிடிகேயுடனும் பணியாற்றும், அவற்றைக் கழற்றலாகாது.

ஐந்தாம் படி, சோதித்தல். டெஸ்ட்பிஎம்டி என்னும் நிரலை இயக்கி, பொட்டலங்கள் வந்து செல்கின்றனவா என எண்ணிக்கையைப் பார்க்கலாம். கணினியை மீண்டும் தொடங்கினால் பொருத்தம் கலைந்துவிடும். நிலைக்க வேண்டுமாயின் தொடக்க நிரலில் சேர்க்க வேண்டும்.

5. கொடுக்கும் விலை

தொடர்நோக்கு ஓய்வறியாதது. பொட்டலம் ஒன்றுகூட வராவிட்டாலும் அதற்கென ஒதுக்கிய செயலிக் கரு முழுப் பளுவுடன் சுழன்றுகொண்டே இருக்கும், மின்சாரமும் செலவாகும். உட்கரு தந்துவந்த தீச்சுவர், வழிச்செலுத்தல், கண்காணிப்புக் கருவிகள் எவையும் அவ்வட்டையைக் காணமாட்டா. டிசிபி போன்ற நெறிமுறைகளையும் நிரலே ஏற்றாக வேண்டும். ஆதலால் சாதாரணச் சேவைகளுக்கு உட்கருப் பாதையே போதுமானது. இரண்டிற்கும் இடைப்பட்டதாக, அட்டையை உட்கருவிடமே விட்டுவைத்துப் பொட்டலங்களை விரைவாகப் பயனர்வெளிக்குத் தரும் ஏஎஃப்-எக்ஸ்டிபி என்னும் வழியும் 2018இல் வெளிவந்த லினக்ஸ் 4.18 முதல் உள்ளது.

6. வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

மேற்கண்ட ஐந்து படிகளையும் ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்தும் சொல்லிவிடலாம். அப்போது மாணவர் கட்டளைகளை மனனம் செய்வர்; ஏன் அவ்வாறு செய்கிறோம் என்பது அவர்களுக்கு எட்டாது. எல்லாவற்றையும் தூய தமிழில் பெயர்த்தே தீருவது என்று முனைந்தாலும், கணினித் திரையில் தோன்றும் பெயரோடு பாடநூலின் பெயரை இணைத்துப் பார்க்க இயலாமல் திணறுவர். டிபிடிகே, விஎஃப்ஐஓ போன்ற பெயர்களை அப்படியே கொள்வதும், கழற்று, பொருத்து, நோக்கு, ஒதுக்கு என வினைகளைத் தமிழில் சொல்வதும் நடைமுறைக்கு உகந்தவை. பெயர்களைக் கடன் வாங்கலாம். விளக்கம் வினைகளில்தான் இருக்கிறது.

ஆசிரியர்கள் இப்பணியின் ஏதேனும் ஒரு படியை ஐந்து வாக்கியங்களில் எழுதுமாறு மாணவரைப் பணிக்கலாம். எழுதியதைத் துறை அறியாத வேறொரு மாணவர் படித்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஏன் செய்ய வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் தடுமாறும் இடத்தைக் கோடிட்டு, அங்குள்ள சொல்லை இருவரும் சேர்ந்து மாற்றிப் பார்க்கட்டும்.