யாரை எடுப்பது? – 9: டெல்லி விட்ட பையன்

சின்னப்பம்பட்டி வேகப்பந்து வீச்சாளர் நடராஜனைப் பஞ்சாப் அணி எடுத்த 2017 ஐ.பி.எல். ஏலத்தோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். பத்து லட்சத்தில் ஆரம்பித்து மூன்று கோடியில் முடிந்த கதை. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது போதும். புதிதாக வந்தவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடியுங்கள்.

இந்த வாரம் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் ஆடும் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் அணிக்கு ஆள் எடுக்கும் கதையைச் சொல்வதாக இருந்தேன். ஆனால் 2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தின் சூடு நம் பக்கத்தில் இன்னும் ஆறவில்லை. இந்தியாவுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாத இரண்டு பையன்களை, கார்த்திக் சர்மாவையும் பிரசாந்த் வீரையும், தலைக்கு 14.20 கோடி கொடுத்து சென்னை எடுத்தது. ஒருவர் ராஜஸ்தான், இன்னொருவர் உத்தரப் பிரதேசம். முப்பது லட்சத்தில் ஆரம்பித்த பெயர்கள். இரண்டும் சேர்ந்து 28.40 கோடி.

ஓமலூர் டீக்கடையிலும் நாமக்கல் லாரி பட்டறையிலும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆபீஸிலும் இதே பேச்சுதான்.

"பத்தொம்பது வயசுப் பையனுக்குப் பதினாலு கோடியாங்க? சஞ்சுதான் வந்தாச்சே, இன்னொரு கீப்பர் எதுக்குங்க?"

"ஏனுங்கண்ணா, ஜடேஜாவைக் குடுத்துட்டமல்லங்க. அந்த எடத்துக்கு இடது கை ஸ்பின் போட்டு அடிக்கவும் தெரிஞ்சவன் வேணுமா வேண்டாமா? பிரசாந்த் வீர் அதுக்குத்தானுங்க."

"அதெல்லாம் செரி தம்பி. அந்தக் காசுல நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன் கண்ணுல படலையா?"

இந்த மூன்று பேச்சில் மொத்த வழக்கும் அடங்கிவிட்டது. முதலாமவர் கேட்பது விலையை. இரண்டாமவர் பார்ப்பது அணியில் காலியாக இருக்கும் இடத்தை. மூன்றாமவருக்கு ஊர் வேண்டும். 'காலி இடத்துக்கு ஏற்ற ஆளை எடுப்பதா, இருப்பதிலேயே கெட்டிக்காரனை எடுத்துவிட்டு இடத்தைப் பிறகு பார்ப்பதா?' என்பது ஆள் எடுக்கும் எல்லா நாட்டிலும் ரசிகர்களைப் பிரித்து வைத்திருக்கும் கேள்வி. அதற்கான மிகச் சிறந்த பாடம் இந்தியாவிலேயே இருக்கிறது. இந்த வாரம் முழுக்க அதைத்தான் தோண்டிக்கொண்டிருந்தேன்.

2008, மார்ச். முதல் ஐ.பி.எல். ஏலம் பிப்ரவரியில் முடிந்துவிட்டது. பத்தொன்பது வயதுக்குட்பட்ட பையன்களை மட்டும் அந்த ஏலத்தில் விடவில்லை. கோடிகளில் கூவினால் சிறுவர்கள் கெட்டுப்போவார்கள் என்ற அக்கறை. அவர்களுக்குத் தனியாக ஒரு டிராஃப்ட் வைத்தார்கள். விலை முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. கூவல் கிடையாது, அணிகள் வரிசையாக வந்து ஆளைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த மாதம் 2-ஆம் தேதிதான் கோலாலம்பூரில் இந்தியப் பையன்கள் உலகக் கோப்பையை வென்றிருந்தார்கள். கேப்டன், டெல்லிப் பையன் விராட் கோலி.

முதலில் கேட்கும் வாய்ப்பு டெல்லி அணிக்கு. சொந்த ஊர்ப் பையன், உலகக் கோப்பை வென்ற கேப்டன், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான். டெல்லி எடுத்தது பிரதீப் சங்வானை. அவரும் டெல்லிக்காரர், அதே உலகக் கோப்பை அணியில் இருந்த இடது கை வேகப்பந்து வீச்சாளர். அடுத்து பெங்களூரு, கோலியை எடுத்துக்கொண்டது. சம்பளம் 30,000 டாலர், அன்றைய கணக்கில் சுமார் 12 லட்சம் ரூபாய்.

இன்றைக்குக் கேட்டால் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். அன்றைய டெல்லிப் பட்டியலைப் பாருங்கள்: சேவாக், கம்பீர், ஷிகர் தவான், டி வில்லியர்ஸ், தில்ஷான், மனோஜ் திவாரி. இன்னொரு மட்டையாளரை எங்கே இறக்குவது? இந்தியப் பந்துவீச்சாளர்தான் தேவை, அதிலும் இடது கை கிடைத்தால் விடுவார்களா? நம் டீக்கடையின் இரண்டாமவர் அந்த மேசையில் இருந்திருந்தால் அவரும் சங்வானைத்தான் கேட்டிருப்பார்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதற்கடுத்த செய்தி. முதல் சீசனில் கோலி அடித்த மொத்த ரன் 165. சராசரி 15. அந்த ஜூன் மாதத்தில் யாராவது வாக்கெடுப்பு நடத்தியிருந்தால், டெல்லி செய்தது சரி என்றுதான் தீர்ப்பு வந்திருக்கும்! பெங்களூரு அந்தப் பையனை விடவில்லை. அவரும் போகவில்லை. எட்டாயிரத்துக்கும் மேல் ரன், எல்லாம் ஒரே அணிக்காக. 2025 ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் பெங்களூரு முதல் கோப்பையைத் தூக்கியபோது அவர் அழுததை நாம் எல்லோரும் பார்த்தோம். டெல்லிக்கு இன்னும் கோப்பை இல்லை.

அதே டிராஃப்டில் ராஜஸ்தானுக்குப் போனவர் ரவீந்திர ஜடேஜா. முதல் வருடமே கோப்பை வென்ற அணியில் இருந்தார். மும்பை எடுத்த மனீஷ் பாண்டே மறு வருடம் பெங்களூருவுக்கு மாறி, ஐ.பி.எல்.லில் சதம் அடித்த முதல் இந்தியர் ஆனார். சென்னையின் பட்டியலில் நம் தமிழ்நாட்டுப் பையன் நெப்போலியன் ஐன்ஸ்டீன் இருந்தார். அந்தப் பெயரை மறந்தவர்கள் இருக்க முடியாது, ஆட்டத்தை நினைவு வைத்திருப்பவர்கள்தான் குறைவு. ஒரே உலகக் கோப்பை அணியின் பையன்கள், ஒரே மாதம், எத்தனை திசை!

இந்த டிராஃப்ட் முறை அமெரிக்கக் கால்பந்தில் 1936-இல் பிறந்தது. பிலடெல்பியா அணியின் முதலாளி பெர்ட் பெல் கொண்டுவந்த யோசனை. அவர் அணி தோற்றுக்கொண்டே இருந்தது, நல்ல கல்லூரிப் பையன்கள் எல்லாம் பணக்கார அணிகளுக்கே போனார்கள். 'கடைசியில் வந்த அணி முதலில் எடுக்கட்டும்' என்றார். அந்த வருடத்தின் முதல் ஆள் ஜே பெர்வாங்கர், சிகாகோ பல்கலைக்கழக மாணவர், கல்லூரிக் கால்பந்தின் பெரிய விருதை முதன்முதலாக வாங்கியவர். அவர் ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடவில்லை. கேட்ட சம்பளம் கிடைக்கவில்லை, வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்த விருதுக் கோப்பையை அவருடைய அத்தை பல காலம் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தாராம். இன்றும் அங்கே ஒவ்வொரு ஏப்ரல் டிராஃப்டுக்கும் முன்னால் கல்லூரிப் பையன்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி ரசிகர்கள் மாதக்கணக்கில் வாதாடுகிறார்கள். ஓமலூர்க்காரர்களை அங்கே உட்கார வைத்தால் அரை மணி நேரத்தில் கலந்துவிடுவார்கள்.

இனி நம் ஊருக்கு. தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-இல் தொடங்கியபோது டிராஃப்ட்தான். ஆறு சீசன் அப்படி ஓடி, 2023-இல் ஏலத்துக்கு மாறினார்கள். அணிக்கு 70 லட்சம் கையிருப்பு. அந்த முதல் ஏலத்தில் சாய் சுதர்சனுக்குக் கோவை கொடுத்தது 21.60 லட்சம். அப்போது குஜராத் அவருக்கு ஐ.பி.எல்.லில் கொடுத்துக்கொண்டிருந்தது 20 லட்சம்! அதே வருடம் மே மாதம் ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில் 47 பந்தில் 96 அடித்துக் காட்டினார். கோவைக்காரர்களுக்குக் கண் இருந்தது என்று எழுதியே ஆக வேண்டும்.

டீக்கடையின் மூன்றாமவர் குமுறுவது இந்த இடத்தில்தான். சேலம் பெயரில் அணி வந்து 2021-இலிருந்து ஆடுகிறது. ஆனால் 2023 ஏலத்தில் சின்னப்பம்பட்டி நடராஜன் போனது திருச்சிக்கு. அடுத்து திருப்பூருக்கு. அதற்கு முன்பே, 2019 இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கம் அணிக்காக 15 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்துத் தொடர் நாயகன் ஆன பெரியசாமியும் அதே சின்னப்பம்பட்டிதான். ஒரு கிராமம் இரண்டு வேகப்பந்து வீச்சாளர்களைக் கொடுத்திருக்கிறது. இரண்டு பேரையும் முதலில் கண்டுகொண்டவை வெளியூர் அணிகள்.

ஊர்ப்பாசத்துக்காக எடுக்கச் சொல்லவில்லை. டெல்லி எடுத்த சங்வானும் ஊர்ப் பையன்தான், விட்ட கோலியும் ஊர்ப் பையன்தான். ஊர் பார்த்தால் விடை வராது. ஆனால் ஊரில் இருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு: மற்றவர்களுக்கு முன்னால் பார்த்துவிடலாம். நடராஜன் இருபது வயது வரை டென்னிஸ் பந்தில்தான் போட்டுக்கொண்டிருந்தார். தறி ஓடும் தெருக்களுக்கு நடுவே, கோயில் திருவிழா டோர்னமெண்டுகளில், ஞாயிற்றுக்கிழமை மைதானங்களில். அங்கிருந்து சென்னைக்குப் போய் நான்காம் டிவிஷன் லீக்கில் ஆரம்பித்தார். 2015-இல் ரஞ்சி, 2017-இல் ஐ.பி.எல்., 2020–21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகம். பஞ்சாபுக்கு அவர் ஆடிய 2017 சீசனில் ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். கோலியின் 165 ரன்னைப் போலவே அதுவும் ஒரு பொய்க் கணக்கு. ஐதராபாத் அவரை 40 லட்சத்துக்கு எடுத்து, இரண்டு வருடம் ஆட வைக்காமலேயே வைத்திருந்தது. 2020-இல் டி வில்லியர்ஸின் ஸ்டம்பை யார்க்கரில் பெயர்த்தபோது அந்தப் பொறுமைக்குக் கூலி கிடைத்தது.

ஆகவே என் தீர்ப்பு: இளம் ஆட்டக்காரனை எடுத்தவன், முதல் சீசன் கணக்கைப் பார்த்து அவனை விடக் கூடாது. கார்த்திக் சர்மாவையும் பிரசாந்த் வீரையும் திட்டுவதற்கு மூன்று வருடம் பொறுங்கள். சேலம் அணிக்காரர்கள் ஏலத்துக்கு முன்னால் ஒரு தை மாதம் முழுக்க இடைப்பாடியிலும் ராசிபுரத்திலும் பரமத்தியிலும் டென்னிஸ் பந்து ஆட்டம் பார்க்க ஆள் அனுப்ப வேண்டும்.

சேலம் அணிக்கு ஆள் எடுக்கும் கதை அடுத்த வாரம் உறுதியாக வரும். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர் டோர்னமெண்டில் கடைசி ஓவரை எந்தப் பையன் கையில் கொடுக்கிறார்கள், ஏன் கொடுக்கிறார்கள் என்று அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள்.

(தொடரும்)